மூன்றாவது காரணம்

சிரிப்பு ஒன்று இருக்கிறது இந்தக் கதையில், நிச்சயமாக இருக்கிறது, மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரிக்கிற ரகம். அதை இப்போதே எடுத்து நீட்டிவிடலாம்தான். நீட்டினால் ருசிக்காது. அதனால் முதலில் இயற்பியல் துறைத் தலைவர் அறைக்கு வெளியே கிடக்கிற பெஞ்சில், இன்பாவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். ஒரு கால் ஆடுகிற பெஞ்சு. மணி பதினொன்று நாற்பது. உள்ளே ஞானசௌந்தரி மேடம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருக்கிறார், அரைக்கதவுக்கு அடியில் அவருடைய செருப்பு மட்டும் தெரிகிறது. சிரிப்பு வரும். வருகிறவரை இன்பாவின் தலைக்குள் ஓடுகிறதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை.

பதினேழு புள்ளி மூன்று மூன்று. நூற்றுக்கு. பதினேழு என்றால்கூடப் பரவாயில்லை, அந்தப் புள்ளி மூன்று மூன்று எதற்கு, யாரோ இரக்கப்பட்டுக் கையில் வைத்த சில்லறை மாதிரி. இன்பா ஃபைலை மடியில் திருப்பி வைத்தாள். ஃபைலுக்குள் ஒரே ஒரு தாள். அதன் அடியில் மேடத்தின் கையெழுத்தும் துறை முத்திரையும் விழ வேண்டும், விழுந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணி சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும், ஏற்றினால் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. நேர்முகத்துக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு அவர்கள் விட்டு வைத்திருக்கிற ஒரே சந்து அது: உன்னை மூன்று வருசம் பார்த்த பேராசிரியர் ஒருவர் உனக்காகப் பேசட்டும், பிறகு யோசிக்கிறோம். சந்துதான். ஆனால் சந்துக்குள் நுழைய முடியாவிட்டால் அப்புறம் அத்தைதான். அத்தை ஏற்கெனவே தலைக்குள் வந்து கால் நீட்டி உட்கார்ந்தாயிற்று. அதுக்குத்தான் அப்பவே சொன்னேன் பி.எட். போடுன்னு, டீச்சர் வேலைன்னா நாலரைக்கு வீடு வந்து சேந்துரலாம், இந்த ஒளி வெளிச்சம் எல்லாம் நமக்கு எதுக்குடி. அத்தை பேசும்போது ‘எதுக்குடி’யில் டி மட்டும் மூக்கு வழியாக வரும், இன்பா உதட்டை அசைக்காமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், சரியாக வந்தது. எல்லாம் சரியாக வரும். அப்பாவும் வருவார், சாயல்குடி வண்டி கண்டக்டர், மதிப்பெண்ணைக் கேட்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பதினேழா, நூத்துக்கா, சரி விடு, உள்ள இடம் இருக்கு, உள்ள போ உள்ள போ என்றார். எந்த உள்ளே என்று அவருக்கும் தெரியாது. முப்பது வருசமாக இடமே இல்லாத வண்டியில் இடம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அது ஆறுதல் சொல்கிற வழியாகவே ஆகிவிட்டது. பிரவுசிங் சென்டர்காரர் வருவார், மார்க்கை பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, கலர்ல வேணுமா பிளாக் அண்ட் ஒயிட்டா என்று கேட்டவர், அதைப் பார்த்ததும் பிளாக் அண்ட் ஒயிட்டே போதும் என்று அவரே முடிவு செய்தவர். இத்தனை பேர் தலைக்குள் வந்து போகிற ஒருத்திக்குத் தன் குரலில் ஐந்நூறு வார்த்தை எழுத வரவில்லை. விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள், உங்களைப் பற்றி எழுதுக, ஏன் இயற்பியல் படிக்க விரும்புகிறீர்கள். பதினொரு தடவை எழுதினாள். முதல் தடவை செய்தி வாசிக்கிறவர் எழுதிய மாதிரி இருந்தது. நாலாவது, பள்ளி ஆண்டு விழாவில் தலைமையாசிரியர். எட்டாவது அத்தை. பதினொன்றாவதைப் படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள்.

அந்தத் தேர்வு அறை. மதுரைக்கு வெளியே ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி, வெள்ளை வெளிச்சம், ஏசிக் குளிர், பக்கத்துப் பையன் மவுஸைத் தட்டுகிற தட்டு. முதல் கேள்வி ஒளியின் குறுக்கீடு. தெரியும். ரொம்ப நன்றாகத் தெரியும். ஜூனியர் பிள்ளைகள் ஆறு பேருக்கு அந்தப் பாடத்தை மேடம் குரலிலேயே நடத்தி, ஆறு பேரும் அரியரை முடித்தார்கள், அக்கா நீங்க நடத்தினா மேமே நடத்துற மாதிரி இருக்கு, ஆனா புரியுது என்றாள் ஒருத்தி. கேள்வியைப் பார்த்ததும் தலைக்குள் மேடம் கரும்பலகைப் பக்கம் திரும்பினார், இங்க பாருங்க, மூணு விஷயம், என்றார். ஒண்ணு. ரெண்டு. அவ்வளவுதான். மூணாவது எப்போதும் போல வரவில்லை. ஞானசௌந்தரி மேடத்தின் வகுப்பில் எதற்கும் மூன்று விஷயம் உண்டு, மூன்று காரணம் உண்டு, சொல்வது என்னவோ இரண்டுதான். இரண்டாவது முடிந்ததும் அவருக்கு முகத்தில் ஒரு திருப்தி வந்துவிடும், சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். இந்தத் துறையில் எந்த நோட்டைத் திறந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் 3 என்று போட்டு ஒரு வரி காலியாக இருக்கும். இந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும், மேடத்தைத் தவிர. அன்றைக்கு விடைக்கு வேண்டியிருந்தது அந்த மூன்றாவது விஷயம். நாலு வட்டம் திரையில் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘சி’ வட்டத்தைத் தட்டினாள். தப்பு, தப்பு விடைக்குத் தண்டமாக ஒரு மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் யாரோ ஒருவர் தலைக்குள் வந்து நன்றாகப் பேசினார்கள், யாரும் கடைசி வரைக்கும் பேசவில்லை. வெளியே வந்து மோர் குடித்தபோதுதான் முதல்முறையாக அந்தப் பயம் வந்தது, இப்போது இந்த ஆடுகிற பெஞ்சிலும் அதே பயம்தான்: எனக்குப் பாடம் தெரியுமா, இல்லை தெரிந்தவர்கள் மாதிரிப் பேசத்தான் தெரியுமா. கிளி கணக்குப் போடுமா. பதினேழு புள்ளி மூன்று மூன்று போடும்.

இல்லை, அந்த மார்க் பொய். மேடம் ஒருத்தர்தான் அதைப் பொய் என்று சொல்ல முடியும். மூன்று வருசம் பார்த்தவர், ஸ்பெக்ட்ரோமீட்டரில் இவள் கண்ணை வைத்தால் அளவு பிசகாது என்று வெளித் தேர்வாளரிடமே சொன்னவர். அந்த மேடத்திடம் போன வாரம் போய்க் கடிதம் வேண்டும் மேம் என்று நின்றால் அவர் என்ன சொன்னார். நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். எல்லாத் துறையிலும் எல்லாப் பேராசிரியரும் சொல்வதுதான், பரிந்துரைக் கடிதம் என்றால் பரிந்துரை வேண்டியவரே எழுதிக்கொண்டு போக வேண்டும், தன்னைத் தானே நல்லவள் கெட்டிக்காரி என்று எழுதி அடியில் அவர்கள் பெயரைப் போட வேண்டும், ஊர் வழக்கம். ஆனால் மேடம் அப்படி இல்லை. போன வருசம் சீனியர் அக்காவுக்கு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தானே இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவர். இவளிடம் மட்டும் சொன்னார், முன்ன மாதிரி இல்லம்மா, என் ஞாபகத்தை நம்பி எழுத எனக்கே பயமா இருக்கு, தப்பா எதையாவது எழுதி உன் வாழ்க்கையில விளையாடிடக் கூடாது. அப்போது அவர் கை ஒரு பச்சை நோட்டின் மேல் இருந்தது. இன்பா சரிங்க மேம் என்று வந்துவிட்டாள். வந்து எழுதினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தன்னைப் பற்றித் தன் குரலில் வராத ஐந்நூறு வார்த்தையும் மேடம் குரலில் கொட்டிற்று. கடிதம் இங்கிலீஷில்தான், ஆனால் மேடத்தின் இங்கிலீஷ், அந்தப் பெரிய வாக்கியத்துக்குப் பிறகு வருகிற குட்டி வாக்கியம், எதையும் முதலில் சிறிது குறை சொல்லிவிட்டுப் புகழ்கிற விதம், காற்புள்ளி வரைக்கும் மேடம். அதைப் படிக்கப் படிக்க, யாரோ தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்கிறார்களே என்று இவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பச்சை நோட்டு. அங்கே போகாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் மனசு அங்கேதான் போய் உரசுகிறது, வாயில் புண் இருக்கிற இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. ஒன்றரை வருசம் ஆயிற்று. இரண்டாம் வருசம், புதன்கிழமை மத்தியானம், லேப். இருட்டறையின் கறுப்புத் திரைக்குப் பின்னால் இவள் மட்டும் பாதரச விளக்குக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள், நீல வரி பச்சை வரி மஞ்சள் வரி, வெளியே உதவியாளர் பால்பாண்டி அண்ணன், உள்ள யாரு, மேடம் வந்துட்டாங்களா என்று கேட்டார். அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. பால்பாண்டி, மூணு காரணம். ஒண்ணு, மெர்க்குரி லேம்ப் எரியலை. ரெண்டு, எனக்கு மீட்டிங் இருக்கு. பசங்களை அனுப்பிடுங்க. சரிங்கம்மா என்றார் அவர். முப்பத்திரண்டு பேர், பையைத் தூக்குகிற சத்தம், ஸ்டூல் இழுபடுகிற சத்தம், படிக்கட்டில் ஓட்டம். இவள் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் குலுங்கினாள். பத்து நிமிஷத்தில் மேடம் வந்தார். காலி லேப். எங்க எல்லாரும் என்றார். நீங்கதானம்மா அனுப்பச் சொன்னீங்க என்றார் பால்பாண்டி. எப்போ. இப்பதான், உள்ள இருந்து, மூணு காரணம்னு சொன்னீங்க, ரெண்டு சொன்னீங்க, லேம்ப் எரியலைன்னீங்க, மீட்டிங்னீங்க, பதினெட்டு வருசமாக் கேக்குறேன், உங்க குரல் எனக்குத் தெரியாதாம்மா. திரையின் கிழிசல் வழியாக இவள் பார்த்தாள். மேடம் அசையாமல் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், மூடினார். பிறகு, சொன்னேன் போல, என்றார். ரொம்ப மெல்ல. அந்த ‘சொன்னேன் போல’ அன்றைக்குச் சாயங்காலம் கேன்டீனில் பெரிய வெற்றி, மூன்று தடவை செய்து காட்டச் சொன்னார்கள், ஒருவன் டீயைத் துப்பினான். மறுவாரம் பச்சை நோட்டு வந்தது. என்ன பாடம் நடத்தினார், யாரிடம் என்ன சொன்னார், சாவியை எங்கே வைத்தார், எல்லாம் நேரம் போட்டு. இன்பா அதையும் செய்து காட்டினாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மணி இரண்டு பத்து, தண்ணி குடித்தேன். அதற்கும் சிரித்தார்கள். எதற்கு எழுதுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. இவளும்.

பெஞ்சின் ஆடுகிற கால் டக் என்றது. பால்பாண்டி வந்து உட்கார்ந்திருந்தார், கையில் டீ டம்ளர். “என்ன பாப்பா, கையெழுத்தா?”

“ஆமாண்ணே. அஞ்சு மணிக்குள்ள ஏத்தணும்.”

“போடுவாங்க. இன்னைக்கு கொஞ்சம் பாத்துப் பேசு. நேத்து மதுரையில தலைய ஸ்கேன் எடுத்துட்டு வந்திருக்காங்க.”

“யாருக்கு?”

“அவங்களுக்குத்தான். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களாம். அதுல பயம் கூடிப்போச்சு. ஒண்ணுமில்லைன்னா அன்னைக்கு நான் எப்படி மறந்தேன் பால்பாண்டின்னு என்னையக் கேக்குறாங்க. நான் என்ன பாப்பா சொல்ல. அவங்க அம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சதாம், கடைசில மகளையே யாருன்னு கேட்டுச்சாம் அந்தம்மா.” டீயை உறிஞ்சினார். “வி.ஆர்.எஸ். எழுதி டிராயர்ல வச்சிருக்காங்க. நல்லா இருக்கும்போதே போயிரணுமாம். நான்தான் அந்தப் புதன்கிழமையச் சொல்லிக்காட்டியிருக்கக் கூடாது. இல்லம்மா, பசங்க அவங்களா ஓடிட்டாங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்.”

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை எங்கோ இடித்துக்கொண்டிருந்தது. இன்பா ஃபைலைப் பெஞ்சில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே உள்ளே போய் மேம் அது நான்தான் என்று. மூன்று வார்த்தை. சொன்னால் கையெழுத்து. அதை யார் போடுவார்கள், ஒன்றரை வருசம் தன்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தவள் நல்லவள் என்று எந்த மேடம் முத்திரை குத்துவார். சரி, கையெழுத்து வாங்கிவிட்டுச் சொல்லலாம், வாங்கிய கையோடு, கதவுக்குப் பக்கத்தில் நின்று. அது இன்னும் கேவலம். ஐந்து மணிக்குப் பிறகு சொல்லலாம், ஏற்றியதும் திரும்பி வந்து. மேடம் நாலரைக்குப் போய்விடுவார், நாலரை, அத்தைக்குப் பிடித்த நேரம். நாளைக்கு. நாளைக்கு அவர் அந்த டிராயரைத் திறந்து பிரின்ஸிபாலிடம் கொடுத்துவிட்டால். இடம் கிடைத்ததும் சொல்லலாம், ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்து. கிடைக்காவிட்டால் அப்போதும் சொல்லலாம், இழப்பதற்கு ஒன்றும் இருக்காது. எல்லாத் தேதிக்கும் ஒரு வட்டம், ஏ, பி, சி, டி, எதைத் தட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு போகும். இதில் எரிச்சல் என்னவென்றால், அந்தப் புதன்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தத் தாளை மேடமே எழுதியிருப்பார். ராத்திரி உட்கார்ந்து, இரண்டு பக்கம், நிஜமாக. இவள் கெட்டிக்காரியா கிளியா என்று இவளுக்கும் தெரிந்திருக்கும். அந்த ஒரு கடிதத்தைத்தான் இவள் திரைக்குப் பின்னால் நின்று கலைத்துவிட்டாள். துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. ஒரு பாதரச விளக்குக்காக. அதுவும் நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கு. பன்னிரண்டு நாற்பது.

“இன்பஜோதி, உள்ள வா.”

அறையில் சூடான தூசி வாசனை. மேடம் பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். பச்சை நோட்டு இடது பக்கம். எதையும் வாய்விட்டு வாசிப்பது அவர் பழக்கம், வாசித்தார், தன்னுடைய குரலிலேயே தன்னுடைய வாக்கியங்களை. ‘இவள் முதல் பருவத்தில் அவசரக்காரியாக இருந்தாள் என்பதை மறைக்க மாட்டேன். அவசரம் போய்விட்டது.’ மேடம் தலையை ஆட்டினார். “நல்லா எழுதியிருக்கே. நானே எழுதினாலும் இப்படித்தான் வரும்.” இன்பா ஜன்னலைப் பார்த்தாள். “‘மூன்று காரணங்களுக்காக இந்த மாணவியை நான் பரிந்துரைக்கிறேன். ஒன்று, புரியாததைப் புரிந்தது போல இவள் என்னிடம் நடித்ததே இல்லை.’ ம். ‘இரண்டு, என் வகுப்பில் தோற்ற ஆறு பேர் இவளிடம் கற்றுத் தேறினார்கள்.’ அப்படியா, இது எனக்குத் தெரியாதே. ‘இவளுக்கு ஒரு வாய்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’” பேனாவை எடுத்தார். தாளைத் தொட்ட பேனா நின்றது.

“மூணுன்னு போட்டிருக்கு.”

இன்பா பார்த்தாள். போட்டிருந்தது. இரண்டுதான் இருந்தது. எழுதும்போது, நேற்று ராத்திரி மூன்று தடவை சரிபார்க்கும்போது, இங்கே பெஞ்சில் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது, ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. காற்புள்ளி வரைக்கும் மேடம்.

மேடம் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை. மறுபடி முன்பக்கம். அப்புறம் அவர் முகத்தில் அது வந்தது, கிழிசல் வழியாக அன்றைக்குப் பார்த்த அதே முகம், கை தானாகப் பச்சை நோட்டுக்குப் போயிற்று, பக்கங்களைப் புரட்டினார், போன வாரம், அதற்கு முந்தின வாரம், விரல் வரிவரியாக இறங்கியது. “மூணு காரணம்னு நான் உன்கிட்ட சொல்லியிருந்தேனா? எழுதி வைக்கலையே. நீயே எழுதுன்னு சொன்னதா இருக்கு. அதுக்கப்புறம் எப்பவாவது...” இன்னொரு பக்கம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“சொன்னேன் போல,” என்றார். ரொம்ப மெல்ல.

தாள் அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது. கையெழுத்து விழ இரண்டு விரற்கடை இடம். பன்னிரண்டு ஐம்பது. மேம் அது நான்தான் என்ற மூன்று வார்த்தையைத் தொண்டையில் தேடினாள் இன்பா, அவளுடைய குரலில் அது கிடைக்கவில்லை, அவள் குரலில்தான் எதுவும் கிடைப்பதில்லையே. அரைக்கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“பால்பாண்டி, மூணு காரணம்.”

வெளியே பெஞ்சின் கால் டக் என்றது. “சொல்லுங்கம்மா.”

“ஒண்ணு, மெர்க்குரி லேம்ப் எரியலை. ரெண்டு, எனக்கு மீட்டிங் இருக்கு. பசங்களை அனுப்பிடுங்க.”

அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு பால்பாண்டி வந்தார், கையில் காலி டம்ளரோடு, நேராக மேடத்தைப் பார்த்து. “லேம்ப் இப்பத்தானம்மா பாத்தேன், நல்லா எரியுது. எந்தப் பசங்கள அனுப்பணும்?”

மேடம் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு விரல் இன்னும் பச்சை நோட்டுக்குள் இருந்தது. பால்பாண்டியைப் பார்த்தார். இன்பாவைப் பார்த்தார், அவளுடைய வாயை, அப்புறம் தொண்டையை. தாளைப் பார்த்தார், மூன்று என்று போட்டு இரண்டோடு நின்றுபோன அந்த இடத்தை. விரல் நோட்டிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. முதலில் தோள் குலுங்கிற்று, அழுகிறார் என்று நினைத்து இன்பா ஓரடி பின்னால் போனாள், பிறகு சத்தம் வந்தது, மேஜை அதிர்ந்து திறந்த பேனா உருண்டு தாளின் விளிம்பில் போய் நின்றது, மேடம் பச்சை நோட்டின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் புரியாமல் நின்ற பால்பாண்டியின் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டிச் சொன்னார்: “நான் சொல்லவே இல்லை பால்பாண்டி. நான் சொல்லவே இல்லை.”